கறுத்த பாட்டிலுக்கு அடுத்த நாள்

1982இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் ஒரு சின்ன ஆய்வுக் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் குவாலியரில் இருக்கும் பாதுகாப்புத் துறை ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த மஞ்சா, மௌரியா, ராவ் என்ற மூவர். குடிதண்ணீரில் மலம் கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க அவர்கள் ஒரு எளிய வழி சொன்னார்கள். ஒரு சின்னப் பாட்டில். அதற்குள் சில ரசாயனங்களில் தோய்த்துக் காயவைத்த காகிதத் துண்டு. கோடு வரைக்கும் தண்ணீரை ஊற்றி, மூடி, கதகதப்பான இடத்தில் வைத்துவிட வேண்டியதுதான். மனிதக் குடலிலும் மிருகக் குடலிலும் வாழும் சில பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும். அந்த வாயு காகிதத்தில் இருக்கும் இரும்போடு சேர்ந்தால் கறுப்பு. ஒரு ராத்திரி, மிஞ்சிப்போனால் இரண்டு நாள். கறுத்தால் தண்ணீர் சந்தேகத்துக்குரியது. கறுக்காவிட்டால் பெரும்பாலும் பரவாயில்லை.

நுண்ணோக்கி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், பட்டம் வேண்டாம். கண் தெரிந்தால் போதும். எனக்குத் தெரிந்து நம் நாட்டில் பிறந்த மிகவும் ஜனநாயகமான கருவிகளில் இது ஒன்று.

பொறியியல் படிப்பு முடிந்து ஐ.டி. வேலைக்குப் போவதற்கு முன்னால் சில மாதங்கள் ஜவ்வாது மலையில் ஒரு திட்டத்தில் ஆராய்ச்சி உதவியாளராக இருந்தேன். மக்களே தங்கள் தண்ணீரைச் சோதித்துப் பதிவுசெய்வதுதான் திட்டம். பாட்டில்களைக் கொடுப்பது, எப்படிச் செய்வதென்று காட்டுவது, வரும் முடிவுகளை எக்செல்லில் ஏற்றுவது என் வேலை. பாட்டில் தன்னிடம் கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லிவிடும். அடுத்த நாள் வருகிற கேள்விக்கு அதனிடம் பதில் கிடையாது. ஒருவருடைய தண்ணீர் கெட்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதைச் சரிசெய்ய என்னால் முடியாது. அப்படியென்றால் அவருக்கு நான் பட்ட கடன் என்ன? இத்தனை வருடம் கழித்தும் இந்தக் கேள்வி என்னை விடுவதாயில்லை.

*

ஜவ்வாது மலை பலருக்குக் காவலூர் வழியாகத்தான் தெரியும். வைணு பாப்பு வானாய்வகம் அங்கேதான் இருக்கிறது. 2.34 மீட்டர் விட்டமுள்ள அதன் தொலைநோக்கி 1986இல் திறக்கப்பட்டது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதி திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. நடுவில் ஜமுனாமரத்தூர். சுற்றிலும் மலையாளி பழங்குடியினரின் சின்னச் சின்ன ஊர்கள், சாமைக் காடுகள், பலா மரங்கள், புளிய மரங்கள். செய்யாறு இங்கேதான் பிறந்து, கீழே இறங்கிப் பாலாற்றில் கலக்கிறது. கீழே இருக்கிற ஊர்களுக்குத் தண்ணீர் அனுப்புகிற மலை இது. மேலே இருக்கிறவர்களுக்கு நல்ல தண்ணீர் என்பது எப்போதும் ஒரு பிரச்சினை.

காரணம் எளிமையானது. கடினப் பாறை. அதன்மேல் மெல்லிய மண். மழைத் தண்ணீர் மண்ணுக்குள் மெதுவாக இறங்கி வடிகட்டப்படுவதற்கு ஆழம் போதாது. முதல் மழை பெய்தால் மேட்டில் கிடக்கும் சாணமும் மலமும் ஓடிவந்து ஊற்றிலும் திறந்த கிணற்றிலும் சேரும். ஒரு ஊரில் முப்பது வீடு, இன்னொன்றில் பத்து வீடு என்று சிதறிக் கிடப்பதால் எல்லாருக்கும் குழாய் போடுவது செலவு பிடித்த வேலை. போட்ட குழாயிலும் மோட்டார் ஓடும் நாள், ஓடாத நாள் என்று உண்டு. ஓடாத நாளில் ஊற்றுக்குத்தான் போக வேண்டும்.

நுண்ணுயிர்ச் சோதனைக்கு எடுத்த தண்ணீரைக் குளிர்ப்பெட்டியில் வைத்துச் சில மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும். தாமதமானால் எண்ணிக்கை மாறிவிடும். மலையிலிருந்து பேருந்து பிடித்துக் கீழே இறங்குவதற்குள் பாதிப் பொழுது போய்விடும். தண்ணீர் அறிவைத் தேடிப் போக முடியாத இடத்தில், அறிவைத் தண்ணீர் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோவது நல்ல யோசனைதான். மக்களே சோதிக்கும் முறை உலகம் முழுக்கப் பரவியதற்கு இதுதான் முதல் காரணம். இந்தியாவிலும் இது அரசின் கொள்கையாகவே இருக்கிறது. 2006இல் தொடங்கிய தேசியக் குடிநீர்த் தரக் கண்காணிப்புத் திட்டம் ஒவ்வொரு ஊராட்சியிலும் சிலருக்குப் பயிற்சி தரச் சொன்னது. 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம் ஒவ்வொரு கிராமத்திலும் 5 பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுக்கச் சொல்கிறது.

*

ஒரு ஊரில் வரிசையாக மூன்று வாரம் ஊற்றுத் தண்ணீர் கறுத்தது. பாட்டிலை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட அக்கா அதை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

“தம்பி, கறுத்துப்போச்சு. எழுதிக்கினியா?”

“எழுதிட்டேன்க்கா.”

“சரி. இப்ப எதக் குடிக்கறது?”

என்னிடம் பயிற்சிக் கையேட்டின் பதில் இருந்தது. கொதிக்க வைத்துக் குடிக்கணும், இல்லையென்றால் குளோரின் மாத்திரை போடணும். சொன்னேன். அவர் சிரித்தார். “கொதிக்க வெக்க வெறகு நீ கொணாந்து தருவியா?”

கேலியாகச் சொன்னாலும் கணக்குச் சரி. ஐந்து பேர் உள்ள வீட்டில் குடிப்பதற்கு மட்டும் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் வேண்டும். அத்தனையையும் தினமும் கொதிக்க வைப்பதென்றால், ஏற்கெனவே சமையலுக்கு விறகு சுமக்கிற அதே தலையில் இன்னொரு கட்டு ஏறுகிறது. “தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்” என்பது சுகாதார அறிவுரை மாதிரித்தான் தெரியும். உண்மையில் அது ஒரு வேலைப் பங்கீடு. நல்ல தண்ணீர் தருவது அரசின் கடமை என்றால், கெட்ட தண்ணீரை நல்லதாக்குவது அந்தப் பெண்ணின் கடமை என்று அந்த ஒரு வாக்கியத்தில் மாற்றி எழுதிவிடுகிறோம்.

*

இப்போது நான் பார்க்கும் வேலையில் இதற்கு ஒரு சுலபமான விடை உண்டு. சர்வர்களைக் கண்காணிக்கிறவர்களுக்கு அலர்ட் வரும். ராத்திரி இரண்டு மணிக்கும் வரும். எங்கள் தொழிலில் எல்லாரும் ஒப்புக்கொள்ளும் விதி: யாராலும் எதுவும் செய்ய முடியாத அலர்ட்டை அழித்துவிடு. அது சத்தம் மட்டும்தான், தகவல் இல்லை. தொடர்ந்து வந்தால் மனிதர்கள் உண்மையான அலர்ட்டையும் கவனிக்க மறந்துவிடுவார்கள்.

இதை மலைக்குக் கொண்டுபோனால் என்ன கிடைக்கிறது? சரிசெய்ய முடியாத தண்ணீரைச் சோதிக்காதே. சொன்னால் பயம்தான் மிச்சம். தத்துவத்திலும் இதற்கு ஒரு துணை இருக்கிறது. ஒருவரால் முடிவதைத்தான் அவருடைய கடமை என்று சொல்ல முடியும் என்பது கான்ட்டின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் வாதம். என்னால் ஊற்றுக்குச் சுவர் கட்ட முடியாது, மேல்நிலைத் தொட்டி கட்ட முடியாது. முடியாது என்றால் கடமையும் இல்லை. நிம்மதியான வாதம். ஆனால் வங்கதேசத்தில் நடந்ததைப் படித்த பிறகு இந்த நிம்மதி எனக்குப் போய்விட்டது.

1970களில் வங்கதேசத்தில் குளத்துத் தண்ணீரால் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் இறந்துகொண்டிருந்தார்கள். யுனிசெஃப் உதவியோடு லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. நிலத்தடி நீர் சுத்தம் என்று எல்லாரும் நம்பினார்கள். அதில் ஆர்செனிக் இருந்தது. 1992இல் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகம் அங்கே 150 கிணறுகளின் நீரைச் சோதித்தது. பல தனிமங்களைப் பார்த்தார்கள், ஆர்செனிக்கைப் பார்க்கவில்லை. பின்னால் பாதிக்கப்பட்ட ஒரு கிராமத்தவர், சூத்ரதர் என்பவர், லண்டனில் வழக்குப் போட்டார். 2006இல் பிரபுக்கள் சபை அவர் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அந்தத் தண்ணீர் விநியோகத்தின் மேல் ஆய்வாளர்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை, அதைக் குடித்தவர்களுக்கு அவர்கள் எந்தக் கடமையும் பட்டிருக்கவில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டப்படி இது சரியாகவே இருக்கலாம். ஒரு ஆய்வறிக்கை எழுதியவரை அதைப் படிக்காத கோடிப்பேருக்கும் பொறுப்பாளியாக்கினால் நாளைக்கு யாரும் ஆய்வே செய்யமாட்டார்கள். இருந்தாலும் அதற்குள் ஒளிந்திருக்கும் பாடம் உறுத்துகிறது. பார்த்தால்தானே பொறுப்பு, பார்க்காமல் இருந்துவிட்டால் தப்பிக்கலாம். “செய்ய முடியாத அலர்ட்டை அழித்துவிடு” என்பதன் பெரிய வடிவம் இதுதான். அலர்ட்டை அழித்த பிறகும் ஆர்செனிக் தண்ணீரில் இருந்தது.

கதை இதோடு முடியவில்லை. 2000களின் தொடக்கத்தில் வங்கதேசத்தில் சுமார் 50 லட்சம் குழாய்க் கிணறுகளைச் சோதித்தார்கள். லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்செனிக் இருந்தால் குழாய்க்குச் சிவப்புப் பெயின்ட், இல்லையென்றால் பச்சை. சுமார் 14 லட்சம் குழாய்கள் சிவப்பாயின. பொதுச் சுகாதார வரலாற்றிலேயே பெரிய சோதனை இயக்கங்களில் ஒன்று அது. பல குடும்பங்கள் பக்கத்துப் பச்சைக் குழாய்க்கு மாறின, பிழைத்தன. ஆனால் சில பொருளியலாளர்கள் பின்னால் ஆராய்ந்தபோது வேறொன்றையும் கண்டார்கள். வீட்டுக் கிணற்றைக் கைவிடச் சொல்லப்பட்ட குடும்பங்களில் குழந்தை இறப்பு கூடியிருந்தது. பக்கத்தில் பச்சைக் குழாய் இல்லாதவர்கள் மறுபடி குளத்துக்கோ தூரத்துக் குழாய்க்கோ போனார்கள். இருபது வருடத்தில் கொல்லும் விஷத்திலிருந்து தப்பி, இரண்டு நாளில் கொல்லும் கிருமியிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆக, சோதிக்காமல் விட்டதும் ஆட்களைக் கொன்றது. சோதித்துச் சொன்னதோடு நின்றதும் சில இடங்களில் கொன்றது. “இப்ப எதக் குடிக்கறது?” என்று அந்த அக்கா கேட்டது இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுதான். பயிற்சிக் கையேடு அதை இணைப்புக் கேள்வியாக நினைக்கிறது. அதுதான் முதல் கேள்வி என்று நான் நினைக்கிறேன்.

*

“என்னால் முடியாது” என்ற வாதத்துக்குத் திரும்பி வருகிறேன். அது பொய் இல்லை. ஆனால் அது எப்படி உண்மையாகிறது என்று பார்க்க வேண்டும். உதவியாளர் முடிவை எழுதுகிறார். ஆய்வுத் தலைவர் அதைப் பகுப்பாய்வு செய்கிறார். ஊராட்சியிடம் பணம் இல்லை. ஒன்றியத்திடம் திட்டம் இல்லை. குடிநீர் வடிகால் வாரியத்திடம் அந்த ஊரின் பெயர் பட்டியலில் இல்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள், “என் கையில் இல்லீங்க” என்று மனசாட்சியோடு சொல்வார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. எல்லார் கையையும் சேர்த்தால் ஒரு ஊற்றுக்குச் சுவர் கட்ட முடியும். முடிவது என்பதைத் துண்டு துண்டாக வெட்டிப் பலர் கையில் கொடுத்துவிட்டால், யாரிடமும் கடமை மிஞ்சாமல் போகிறது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. அலுவலகம் என்ற ஒன்று இருக்கும் இடமெல்லாம் இது தானாக நடக்கிறது.

எனவே கடமையை “சரிசெய்வது” என்று வைத்தால் ஒருவரும் மாட்டமாட்டார்கள். அதை “அடுத்த கைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது” என்று வைத்துப் பாருங்கள். அது என்னால் முடியும், ஆய்வுத் தலைவராலும் முடியும், ஊராட்சிச் செயலராலும் முடியும். சேர்த்துவிட்டேன் என்று சொல்வதற்கு அடுத்தவர் வாங்கிக்கொண்டதற்கான அத்தாட்சியும் வேண்டும்.

வரலாற்றில் இதற்கு எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது, அதை நாம் பாதியாகத்தான் சொல்கிறோம். 1854இல் லண்டனில் காலரா வந்தபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் பிராட் தெருவின் அடிபம்புதான் காரணம் என்று கண்டுபிடித்தார், செப்டம்பர் 8 அன்று அதன் கைப்பிடி கழற்றப்பட்டது. பாதிக் கதை இவ்வளவுதான். மறுபாதி, ஹென்றி வைட்ஹெட் என்ற இளம் பாதிரியார். அதே பகுதியில் வேலை செய்தவர், வீடு வீடாக எல்லாரையும் தெரிந்தவர். ஸ்னோ சொன்னதை அவர் நம்பவில்லை. பொய்யென்று நிரூபிக்கத்தான் விசாரிக்கத் தொடங்கினார். விசாரித்து விசாரித்து, பம்புக்குப் பக்கத்திலேயே 40ஆம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தைக்கு முதலில் வயிற்றுப்போக்கு வந்ததையும், அதன் துணி அலசிய தண்ணீர் கிணற்றை ஒட்டிய கழிவுத் தொட்டியில் ஊற்றப்பட்டதையும் கண்டுபிடித்தார். ஸ்னோவிடம் கோட்பாடு இருந்தது. வைட்ஹெட்டிடம் மனிதர்கள் இருந்தார்கள்.

மக்கள் பங்கேற்பு என்று நாம் எழுதும்போது பெரும்பாலும் மலிவான கைகள் என்றுதான் பொருள்கொள்கிறோம். மாதிரி எடுக்க ஆள் வேண்டும், சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை, அதனால் “சமூகம்”. மலையில் இருந்தவர்களுக்கு அதைவிட அதிகம் தெரிந்திருந்தது. எந்த ஊற்று முதல் மழைக்குக் கலங்கும், எது கோடையிலும் வற்றாது, எந்த மேட்டில் மாடு கட்டுகிறார்கள், எந்த வழியில் ராத்திரி வெளிக்குப் போகிறார்கள். இதில் ஒன்றுகூட என் எக்செல்லில் ஒரு காலமாக இல்லை. அதற்காக மரபறிவை நான் தூக்கிப் பிடிக்கவும் தயாரில்லை. “இந்தத் தண்ணி தேனாட்டம் இருக்கும்” என்று அவர்கள் காட்டிய ஊற்றும் கறுத்தது. நாக்குக்கு உப்புத் தெரியும், கிருமி தெரியாது. பாட்டிலுக்கோ கிருமிகூட முழுசாகத் தெரியாது. நிலத்தடி நீரில் இயல்பாகவே சல்பைடு இருந்தாலும் அது கறுக்கும். ஃப்ளோரைடையோ நைட்ரேட்டையோ அது பார்க்கவே பார்க்காது. இரண்டு அறைகுறை அறிவுகள் எதிரெதிரே உட்கார்ந்து பேசினால்தான் ஒரு உருப்படியான அறிவு வரும்.

*

சொல்வது எப்படி என்பதும் கடமையின் பகுதிதான். நம் ஊரில் “அசுத்தம்” என்பது வெறும் வேதியியல் சொல் இல்லை. 1927 மார்ச் 20 அன்று மகாடில் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான தலித்துகளும் சவதார் குளத்தில் தண்ணீர் குடித்தார்கள். அதன் பிறகு சாதி இந்துக்கள் அந்தக் குளத்தைச் “சுத்தம்” செய்தார்கள். எதனால்? சாணம், கோமியம், பால், தயிர் கலந்து 108 குடம் ஊற்றி! குவாலியர் பாட்டிலைக் கொண்டுபோய் அந்தக் குளத்தில் வைத்திருந்தால், சுத்தம் செய்த பிறகுதான் அது அடர்த்தியாகக் கறுத்திருக்கும்.

அப்படியொரு நாட்டில், சமவெளியிலிருந்து பேன்ட் சட்டையோடு போகிற ஒருவன் பழங்குடி ஊரில் நின்று “உங்க தண்ணி அசுத்தம்” என்று சொன்னால் காதில் விழுவது வேறு வாக்கியம். “நீங்க அசுத்தம்.” அதனால்தான் சிலர் கறுத்த பாட்டிலை மறைத்தார்கள். முடிவு தவறாக வந்தால் ஊருக்குக் கெட்ட பேர் என்று ஒரு பெரியவர் வெளிப்படையாகவே சொன்னார். அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. ஆய்வுக் கட்டுரையில் ஊர்ப் பெயர் வரும், ஊருக்குத் தண்ணீர் வராது.

எனவே முடிவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு என் பதில்: குடிக்கிறவருக்கு. அவர்தான் முதலில் கேட்க வேண்டும், வெளியே சொல்லலாமா என்று அவர்தான் முடிவெடுக்க வேண்டும். ஒரே ஒரு விதிவிலக்கு. அடுத்த ஊரும் அதே ஊற்றில் குடிக்கிறது என்றால் அவர்களும் சொந்தக்காரர்கள்தான்.

*

அந்த அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தார். தேதி, எந்த இடத்துத் தண்ணீர், கறுத்ததா இல்லையா, அன்று வீட்டில் யாருக்காவது வயிறு சரியில்லையா. கடைசிக் காலம் திட்டத்தில் கிடையாது, அவரே சேர்த்துக்கொண்டது. ஆகஸ்ட் 15 கிராம சபையில் அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார். தீர்மானம் எழுதினார்கள். பிறகு ஒரு அலுவலகத்துக்கு மனுவோடு போனபோது அங்கிருந்தவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது லேப் ரிப்போர்ட் இல்லையேம்மா” என்றார்.

நடைமுறைப்படி அவர் சொன்னது சரி. இந்தியத் தர நிர்ணயத்தின்படி 100 மில்லி குடிநீரில் ஈ.கோலை இருக்கவே கூடாது. அதை உறுதிசெய்ய ஆய்வுக்கூடம்தான் வேண்டும். அப்படியென்றால் அந்த நோட்டைப் பார்த்ததும் ஆய்வுக்கூடத்து ஆள் மலையேற வேண்டும். நோட்டு கேள்வி எழுப்பும், ஆய்வுக்கூடம் பதில் சொல்லும், இப்படித்தான் இரண்டும் சேர முடியும். அவர்களாகவே சோதிக்கச் சொல்லிப் பயிற்சி கொடுத்துவிட்டு, அவர்கள் சோதித்ததைச் செல்லாக்காசாக்குவது ஒரு வகை ஏமாற்று. சோதனையின் பாரத்தை மட்டும் கீழே இறக்கிவிட்டு, நம்பப்படும் உரிமையை மேலேயே வைத்துக்கொள்கிறோம்.

அந்த மனுவுக்கு ஒரு ரசீது மட்டும் வாங்க முடிந்தது. அதில் ஒரு எண் இருந்தது. அதையும் அவர் நோட்டிலேயே எழுதிக்கொண்டார். எனக்குத் திட்டம் முடிந்தது, மலையிலிருந்து இறங்கினேன்.

இதே மாதிரி வேலைகளுக்குப் போகும் இளைஞர்கள் சிலர் இப்போது என்னிடம் பேசுவதுண்டு. சேராதே என்று நான் சொல்வதில்லை. பார்க்காமல் இருப்பதைவிடப் பார்ப்பது மேல், வங்கதேசம் அதைத்தான் சொல்கிறது. முதல் பாட்டிலைக் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் ஆய்வுத் தலைவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். முடிவை முதலில் யாரிடம் சொல்வோம்? கறுத்தால் மறுநாள் காலையில் அவர்கள் எதைக் குடிப்பார்கள்? நம் திட்டம் முடிந்த பிறகு அவர்கள் சொல்வதை நம்பப்போகும் அலுவலகம் எது, அதன் பெயரை இப்போதே எழுத முடியுமா? மூன்றாவதுக்குப் பெரும்பாலும் மௌனம்தான் வரும். அந்த இடத்தை நிரப்புவதற்குத் திட்டக் காலத்தில் பாதியைச் செலவழித்தாலும் தகும். மாதிரிகளின் எண்ணிக்கை குறைந்தால் குறைந்துவிட்டுப் போகட்டும்.